பெருவிரல் அகலம்

வானம் ஒரு பக்கமாகச் சரிந்துபோய்த் திரும்பி வருகிறது, ஆறும் கூடவே சரிந்து வருகிறது, இடது கால் மார்சியாவின் பிடியில், வலது கால் சிச்சியின் பிடியில், வலது கை இஃபியிடம், இடது கை அபெனாவிடம், நடுவில் வதனி, வயது நாற்பத்தொன்று, எடை நாற்பத்தெட்டுக் கிலோ, மிதவை மேடையின் ஓரத்தில் பிள்ளை கிடத்தும் ஏணைச் சேலை மாதிரித் தொங்கி ஆடுகிறாள், ஒண்டு, என்று நாலு பேரும் சேர்ந்து கத்துகிறார்கள், ஜெயித்த படகுக்காரர்கள் தங்களுக்கு வழிகாட்டிய ஆளைத் தூக்கி ஆற்றில் எறிவது இந்த விளையாட்டின் வழக்கமாம், அதுதான் மரியாதையாம், மூன்று என்றதும் விட்டுவிடுவார்கள், இன்னும் இரண்டு எண்கள்தான் மிச்சம், அதற்குள் ஒரு உண்மையைச் சொல்லியாக வேண்டும், எனக்கு நீந்தத் தெரியாது, மூன்றே மூன்று சொல், இரண்டு வருடமாகத் தொண்டையில் அடைத்துக்கொண்டு நிற்கிறது, வேறு எதைக் கத்தச் சொன்னாலும் கத்துகிற தொண்டை இந்த மூன்று சொல்லுக்கு மட்டும் காற்றுப் போன டயராகிவிடுகிறது. அவர்கள் எண்ணுவது இங்கிலீஷில்தான், ஆனால் வதனியின் காதுக்கு ஒரு பழக்கம், யார் எந்தப் பாஷையில் பேசினாலும் அதைத் தன் ஊரான கோப்பாயின் பேச்சாக மாற்றித்தான் உள்ளே விடும், மார்சியா ஜமைக்காவிலிருந்து வந்த ஒரு தாய்க்கு லண்டனில் பிறந்தவள், பஸ் ஓட்டுகிறவள், ஆனாலும் வதனிக்கு அவள் கோப்பாய்ச் சந்தியில் பிறந்து வளர்ந்த ஒரு பெரியம்மா மாதிரியேதான் கேட்கும்.

அந்தத் தொண்டைதான் அவளை இந்த ஆற்றங்கரைக்குக் கொண்டுவந்து சேர்த்தது. கிழக்கு லண்டனில் ஒரு ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் யன்னலில் அவளுக்கு வேலை, இலக்கம் அறுபத்தேழு என்று அவள் கூப்பிட்டால் கன்டீனில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கும் அறுபத்தேழு, கோப்பையை வைத்துவிட்டு ஓடிவரும், அறுபத்தெட்டும் பயத்தில் சேர்ந்து வரும், ஒருநாள் நாலாம் மாடி வார்டிலிருந்து ஒரு நர்ஸ் இறங்கி வந்து, இந்தச் சத்தம் போடுற ஆளை நான் பாக்கவேணும் எண்டு வந்தனான், எங்கை அவ, என்று கேட்டாள், மேசைக்கு மேலே வதனியின் நெற்றி மட்டும்தான் தெரிந்தது, நர்ஸ் எட்டிப் பார்த்தாள், முகம் மலர்ந்துவிட்டது, எத்தினை கிலோ இருப்பியள், என்றாள், மருந்தின் அளவு பார்க்கத்தான் கேட்கிறாளாக்கும் என்று வதனி உண்மையைச் சொல்லித் தொலைத்தாள். அவள்தான் அபெனா, கானா நாட்டுப் பெற்றோரின் மகள், அடுத்த ஞாயிறு காலை அவளுடைய காரின் பின்சீட்டில் வதனி, லண்டனுக்கு மேற்கே தேம்ஸ் கரையில் ஒரு படகுக் கழகம், முந்நூறு உறுப்பினர், அதில் கறுப்புப் பெண்கள் நாலே நாலு பேர், அபெனா, மார்சியா, நைஜீரியக் குடும்பத்தில் பிறந்த அக்கா தங்கை இஃபியும் சிச்சியும், இந்த அக்கா தங்கை பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறவர்கள், துடுப்பு வீச்சையும் எண்ணுவார்கள், தின்கிற பணிஸ் ரொட்டித் துண்டையும் எண்ணுவார்கள். நாலு பேரும் முதுகைக் காட்டிக்கொண்டு முன்னால் போகிற விளையாட்டு இது, போகிற பாதை ஒருவருக்கும் தெரியாது, பின்முனையில் துடுப்பில்லாமல் ஒரு ஆள் முன்னால் பார்த்தபடி குந்தியிருந்து, சுக்கான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, இழு, இன்னும் இழு என்று கத்த வேண்டும், அந்த ஆளுக்குக் கொக்ஸ் என்று பெயர், பாரம் குறைய வேண்டும், சத்தம் கூட வேண்டும், கடவுள் என்னை இதுக்கெண்டே படைச்சிருக்கிறார் எண்டு எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே, என்று வதனி நினைத்துக்கொண்டாள். புதுப் படகுகளில் கொக்ஸ் மூக்குப்பக்கம் நீட்டி நிமிர்ந்து படுத்திருப்பாராம், இவர்களுக்குக் கழகம் கொடுத்ததோ ஆகப் பழைய மரப்படகு, அதில் கொக்ஸ் பின்னால், அபெனாவுக்கு நேரெதிரே, முழங்காலோடு முழங்கால் இடிக்க, இரண்டு வருடமாக அவள் முகத்தை இவளும் இவள் முகத்தை அவளும் பார்த்தபடியே ஆற்றைக் கடக்கிறார்கள்.

கழகத்தில் பாதுகாப்புக்குப் பொறுப்பு மிஸ்டர் டன்ஸ்டன், எழுபது வயது, நல்ல மனுசன், அதில் ஒரு பிழையும் சொல்ல முடியாது, கண் கொஞ்சம் மந்தம், கையில் எப்போதும் அட்டையும் படிவமும் பேனாவும், உறுப்பினராகச் சேருகிற ஒவ்வொருவரும் ஒருமுறை நீச்சல் சோதனை கொடுக்க வேண்டும் என்பது சட்டம், ஒருமுறைதான், ஆனால் இந்த நாலு பேரும் மூன்றுமுறை கொடுத்துவிட்டார்கள், ஒவ்வொரு வசந்தத்திலும் அவர்களுடைய படிவங்கள் மட்டும் எப்படியோ தொலைந்துபோகும், உங்களிலை ஆக்கள் பொதுவா நீந்துறது குறைவு எண்டு எங்கையோ வாசிச்சனான், உங்கடை நன்மைக்குத்தான், என்பார் டன்ஸ்டன், மெய்யான கவலையோடு சொல்வார், அதனால் கோபிக்கவும் முடியாது, கோபிக்காமலும் இருக்க முடியாது. இஃபியும் சிச்சியும் படிக்கிற காலத்தில் நகரக் குளத்தில் உயிர்காப்பாளர்களாக வேலை பார்த்தவர்கள், அபெனா மார்பு நீச்சலில் பள்ளிக்கூடக் கிண்ணம் வாங்கியவள், மூன்றாவது சோதனையன்று மார்சியா இரண்டு நீளம் நீந்தித் திரும்பி வந்து, டன்ஸ்டனின் சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்துக் குளத்தின் ஆழப் பக்கத்தில் போட்டு, மூழ்கிப்போய் அதையே எடுத்து வந்து அவர் கையில் கொடுத்து, இந்தாங்கோ, இப்ப எழுதுங்கோ, என்றாள், பேனா எழுதவில்லை, அதனால் படிவம் அந்த வருடமும் நிரப்பப்படவில்லை. இதே டன்ஸ்டன்தான் அதற்கு முந்திய குளிர்காலத்தில், கழக விருந்தின்போது, வாசலில் நின்ற மார்சியாவை விருந்துக்கு வந்த வேலைக்காரி என்று நினைத்துத் தன் பச்சைக் கோட்டைக் கழற்றி அவள் கையில் கொடுத்து நன்றியும் சொன்னவர், மார்சியா கோட்டைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள். அன்றிலிருந்து அது இந்தப் படகின் பொதுச் சொத்து, துடுப்புப் போடாமல் குந்தியிருந்து நடுங்குகிற ஆள் என்று வதனிக்கு விழுந்தது, கணுக்கால் வரை வரும், டன்ஸ்டன் ஒவ்வொரு முறையும் அதைத் தடவிப் பார்த்து, எனக்கும் இதுமாதிரி ஒண்டு இருந்தது, நல்ல துணி, என்பார். கழகத்தின் விளம்பரத் தாள்களில் எல்லாம் முன்பக்கம் இந்த நாலு பேரும்தான், ஒன்பதுமுறை படம் பிடித்தாயிற்று, ஒருமுறை வெறுங்காலோடு, ஒருமுறை சிரிக்காமல், ஒருமுறை தூரத்தைப் பார்த்தபடி, எங்கடை படகிலை நேரான ஒரு இருக்கை இல்லை, ஆனா அட்டைப்படத்திலை நாங்கள்தான் இராணியள், என்பாள் மார்சியா.

வதனியின் நீச்சல் சோதனை எப்படி நடந்தது என்றால், நடக்கவேயில்லை, முதல்நாள் டன்ஸ்டன் படிவத்தோடு வந்து, நீங்கள் எந்த நாடு, என்று கேட்டார், சிறீலங்கா என்றதும் மனுசனுக்கு முகமெல்லாம் வெயில், தேனிலவுக்கு அங்கேதான் போனாராம், தெற்குக் கடற்கரையில் பதினொரு நாள் இருந்தாராம், தீவிலை பிறந்த ஆக்களுக்குச் சோதனை வைக்கிற அளவுக்கு நான் மடையனில்லை, நடக்க முந்தி நீந்தியிருப்பியளே, என்று சிரித்தபடி நீச்சல் என்ற கட்டத்துக்குள் ஒரு சரி அடையாளம் போட்டுவிட்டார். அந்த இடத்தில் வாயைத் திறந்து, ஐயா, நான் கோப்பாய், எங்களுக்குத் தண்ணியெண்டால் கிணறு, கிணறெண்டால் வாளி, வாளியெண்டால் தலை, அவ்வளவுதான் தொடர்பு, என்று சொல்லியிருக்கலாம், ஆனால் அட்டையும் பேனாவுமாக நிற்கிற ஒரு மனிதர் ஒரு சரி போட்டுவிட்டால் அதன்மேல் மறுத்துப் பேசக் கூடாது என்பது வதனியின் இரத்தத்தில் ஊறியது, சோதனைச் சாவடியில் அப்படித்தான், கொழும்பில் பொலிஸ் பதிவில் அப்படித்தான், லண்டனில் விசாக் கந்தோரில் பிறந்த திகதியை நாலு நாள் பிந்திப் பதிந்தார்கள், அதற்கும் ஓம் என்றுதான் சொன்னாள், இன்றுவரை நாலு நாள் பிந்தித்தான் பிறந்தநாள் கேக் வெட்டுகிறாள், சரி போட்டாயிற்றா, வாயை மூடு, அடுத்த வரிசைக்கு நகரு. கடலை அவள் பார்க்காமல் இல்லை, பதினொரு வயதில், சண்டைக்குத் தப்பி, கிளாலிக் கடலைப் படகேறிக் கடந்திருக்கிறாள், படகு கொள்ளாத சனம், ஒருத்தருக்கும் நீந்தத் தெரியாது, அம்மா அவளுடைய பின்னலைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடு பிள்ளை, தண்ணியைப் பாக்காதை, என்று சொல்லிக்கொண்டே வருகிறாள், கண்ணை மூடியபடியே வதனி கரை சேர்கிறாள், தலைவலி மூன்று நாள் இருந்தது. இப்போது பார்த்தால், ஐந்து பேர் போகிற படகில் கண்ணைத் திறந்து முன்னால் பார்க்க வேண்டிய ஒரே ஆள் அவள், நினைக்கச் சிரிப்பாகத்தான் இருக்கிறது. கொக்ஸுக்கு ஒரு சிவப்பு மிதவைச் சட்டை கட்டாயம், தண்ணி பட்டால் தானே ஊதும் என்றார்கள், ஊதாவிட்டால் யாரிடம் போய் முறையிடுவது, அதை அவள் படகில் போட்டாள், மேடையில் போட்டாள், கார் நிறுத்துமிடத்தில் போட்டாள், ஒருமுறை ரயிலில் ஸ்ட்ராட்ஃபோர்ட் வரை கழற்றாமலே வந்தாள்.

அம்மாவிடம், ஆறு முழங்கால் அளவுதான், என்று சொல்லி வைத்திருந்தாள், அம்மாவுக்கு ஆற்றை விட வெயில்தான் கவலை, அதையும் விடப் பெரிய கவலை கூட்டாளிகள், உந்தக் கறுவலுகளோடை ஏன் திரியிறாய், வெயிலுக்கை நிண்டு நிண்டு நீயும் அவையளைப்போல வந்திட்டாய், என்பாள், வதனி பிறந்தபோதே இந்த நிறம்தான், அபெனா ஒருநாள் தன் கையை வதனியின் கைக்குப் பக்கத்தில் நீட்டிப் பார்த்து, நீதானே என்னைவிடக் கறுப்பு, என்று வியந்தாள், இதை வீட்டில் சொன்னால் அம்மா இரண்டு நாள் சாப்பிட மாட்டாள். நீச்சல் என்று டன்ஸ்டன் வாசித்ததும் நிறம் என்று அம்மா பிடித்துக்கொண்டிருந்ததும் ஒரே கடைச் சரக்குத்தான் என்று வதனிக்குத் தெரியும், ஒருவரிடமும் சொன்னதில்லை, அவளுக்குச் சொல்லாமல் விடுவதில்தான் நல்ல பயிற்சி. அம்மா மாதாமாதம் வெள்ளையாக்கும் கிரீம் ஒன்று வாங்கி அவள் முகத்தில் பூசுவாள், ஒரு குழாய் பதினான்கு பவுண், ஒருநாள் நாலு பேரும் இடியப்பம் சாப்பிட வந்தபோது அது மேசைமேல் கிடந்தது, மார்சியா எடுத்துப் பார்த்து, இது என்ன, என்று கேட்டாள், வதனிக்கு உயிர் போய்விட்டது, வாயில் வந்ததைச் சொன்னாள், குதிக்கால் வெடிப்புக்கு, மார்சியா அப்போதே சப்பாத்தைக் கழற்றிக் காலை நீட்டிப் பாதிக் குழாயை இரண்டு குதிக்காலிலும் பூசிக்கொண்டாள், அம்மா பார்த்தபடி நிற்கிறாள், அடுத்த வாரம் மார்சியா தொலைபேசியில், வெடிப்பு மாறிட்டுது, அம்மாவிட்டைக் கேட்டு இன்னொண்டு வாங்கித் தாவன், என்றாள். அதற்குப் பிறகு அம்மா அந்தக் கிரீமைத் தன் குதிக்காலுக்கும் பூசத் தொடங்கினாள், முகத்துக்குப் பூசுவதை விட்டாள், அந்தப் பெரிய பிள்ளைக்குப் பாவம், நாள் முழுக்கப் பஸ்ஸிலை கால் மிதிக்கிற வேலை, என்று இடியப்பத்துக்குச் சம்பல் தனியாகக் கட்டிக் கொடுக்கத் தொடங்கினாள், கறுவல் என்ற சொல் வீட்டிலிருந்து ஒருநாளில் போகவில்லை, ஒவ்வொரு ஞாயிறும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது.

ரெண்டு, என்கிறார்கள், வானம் மறுபக்கம் சரிகிறது, மேகம் ஒன்று காலுக்குள்ளால் வந்து தலைக்கு மேலே போகிறது, சிவப்பு மிதவைச் சட்டை உடம்பில் இல்லை, ஊதிச்சுதெண்டால் வீணாப் போயிடும், என்று நர்ஸ் கைகளால் அபெனா ஒரு நொடியில் கழற்றி எறிந்துவிட்டாள். எறிகிற வழக்கம் இருப்பதே முதல் வருடம் வதனிக்குத் தெரியாது, ஏனென்றால் இவர்கள் ஒருபோதும் ஜெயிக்கவில்லை, வேறொரு படகுக்காரர் தங்கள் கொக்ஸை, ஒரு கல்லூரிப் பெண்ணை, ஆற்றில் எறிந்ததைக் கண்டு ஓடிப்போய், அந்தப் பிள்ளை என்ன பிழை விட்டது, என்று அபெனாவிடம் கேட்டாள், பிழை விடேல்லை, வெண்டவை, அதுதான் எறியினம், என்றாள் அபெனா, தோத்தால், என்று கேட்டாள் வதனி, தோத்தால் ஏன் எறியவேணும், சும்மா வீட்டை போறதுதான், என்றாள். அன்றிலிருந்து தோல்வி வதனிக்கு ஒரு சொந்தக்காரர் மாதிரி, வந்துபோனால் மனதுக்கு நிம்மதி, ஆனால் இந்த நாலு பேருக்கும் என்ன வந்ததோ, இரண்டாம் வருடம் நன்றாகத் துடுப்புப் போடத் தொடங்கிவிட்டார்கள், படகு பறக்கத் தொடங்கியது, வதனிக்கு நித்திரை போனது. சித்திரையில் ஒரு போட்டி, கடைசி நூறு மீட்டரில் இவர்கள் முன்னால், கரையில் சனம் எழுந்து நிற்கிறது, அவளுக்குத் தெரிகிறது, முன்னால் பார்க்கிற ஆள் அவள்தானே, வெற்றி வருகிறது, அதற்குப் பின்னால் தண்ணி வருகிறது, அவளுடைய வலது கைப் பெருவிரல், அவள் சொல்லாமலே, சுக்கான் கயிற்றை ஒரு பெருவிரல் அகலம் இழுத்துவிட்டது, அவ்வளவுதான், படகு கொஞ்சம் மூக்கைத் திருப்பியது, பக்கத்துப் படகு போய்விட்டது. காத்து, என்றாள் வதனி, காத்துத்தான், என்றார்கள் இஃபியும் சிச்சியும், மார்சியா காற்றை அதன் தாயோடு சேர்த்துத் திட்டினாள், அபெனா மட்டும் படகைக் கவிழ்த்து வைத்துக் கழுவினாள், துடைத்தாள், துடைத்ததையே இன்னொருமுறை துடைத்தாள், பிறகு கைப்பையிலிருந்து ஒரு பணிஸ் எடுத்துப் பாதி பிய்த்து வதனியிடம் நீட்டினாள், சாப்பிடு, நீயும் கத்திக் களைச்சிட்டாய், என்றாள். வெட்கம் என்றால் வதனிக்கு அன்றிலிருந்து பணிஸ் மணம்தான்.

கழக மண்டபத்தில் ஒரு மரப்பலகை இருக்கிறது, நூறு வருடத்துக்கு மேல் பழையது, ஆடிமாதப் பெரிய போட்டியில் ஜெயித்தவர்களின் பெயர்களைத் தங்க எழுத்தில் எழுதி வைக்கிற பலகை, மற்றவர்கள் அதைப் பார்ப்பதேயில்லை, அதற்குக் கீழே தொப்பி மாட்டுவார்கள், அபெனா மட்டும் ஒவ்வொரு ஞாயிறும் ஒருமுறை அதன் முன்னால் போய் நிற்பாள், ஒன்றும் வாசிக்க மாட்டாள், கடைசிப் பெயருக்குக் கீழே உள்ள வெறும் மரத்தைப் பார்ப்பாள், என்னத்தைப் பாக்கிறாய், என்று வதனி ஒருநாள் கேட்டதற்கு, இந்தப் பலகையிலை எங்களைப்போல ஆக்களின்ரை பேர் ஒண்டும் இல்லை, அட்டைப்படம் கிழிஞ்சு போயிடும், இது கிழியாது, என்றாள், பிறகு சிரித்து, உன்ரை பேருக்கு மட்டும் ரெண்டு வரி வேணும், சிவபாதசுந்தரம், எழுதிறவன் அழப்போறான், என்றாள். இன்று அந்த ஆடிமாதப் போட்டி. காலையில் வதனி மனதுக்குள் ஒரு தீர்மானத்தோடுதான் வந்தாள், இந்த முறையும் ஒரு பெருவிரல் அகலம், அதோடு இந்த விளையாட்டுக்கே ஒரு கும்பிடு, அம்மா வேறு முதல்முறையாகப் பார்க்க வந்திருக்கிறாள், பச்சைக் கோட்டை மடியில் வைத்துக்கொண்டு கரையில் டன்ஸ்டனுக்குப் பக்கத்துக் கதிரையில், ஆற்றைப் பார்த்து, இது என்னடி முழங்கால், என்று கேட்டுவிட்டாள். ஆயிரம் மீட்டர், இரண்டு படகு, எண்ணூறு மீட்டர் வரை மற்றப் படகு ஒரு முழம் முன்னால், வதனிக்குப் பரம சந்தோசம், தோல்வி தானாகவே வருகிறது, பெருவிரலுக்கு வேலையில்லை, அப்போது பார்த்து அபெனா பல்லைக் கடிக்கிறாள், கழுத்து நரம்பு எழும்புகிறது, படகு அவளோடு சேர்ந்து எழும்புகிறது, சமன், இப்போது சமன், இப்போது ஒரு விரற்கடை முன்னால், வதனியின் பெருவிரல் ஊரத் தொடங்குகிறது. அபெனாவின் கண் வதனியின் முகத்தில் இல்லை. கீழே பார்க்கிறாள், கயிறு பிடித்த கையை, வியர்வை கண்ணுக்குள் இறங்குகிறது, இமைக்காமல் பார்க்கிறாள், கெஞ்சவும் இல்லை, கோபமும் இல்லை, பணிஸ் நீட்டிய அதே பார்வை, சீ, என்ன பிறவி நான், என்று வதனி தன்னையே திட்டிக்கொண்டு இரண்டு பெருவிரல்களையும் உள்ளங்கைக்குள் மடக்கி, மற்ற விரல்களால் கயிற்றை இறுக்கிப் பிடித்து, மருந்து யன்னலின் முழுத் தொண்டையையும் திறந்தாள், இழுங்கோடி, இழுங்கோ, என்ரை பேரை ரெண்டு வரியிலை எழுதட்டும், இழுங்கோ, அவ்வளவும் தமிழ், ஒருத்திக்கும் ஒன்றும் விளங்கவில்லை, நாலு பேரும் இழுத்தார்கள், படகு ஒரு முழம் முன்னால் போய்க் கோட்டைக் கடந்தது, மார்சியா பஸ் ஹோர்ன் மாதிரிக் கத்தினாள், இஃபியும் சிச்சியும் கணக்கை மறந்து அழுதார்கள், அபெனா துடுப்பின்மேல் நெற்றியை வைத்துக்கொண்டாள், வதனி கரையைப் பார்த்தாள், கரை வந்துகொண்டிருந்தது.

மூன்று இன்னும் வரவில்லை, ஆட்டத்தின் உச்சியில் ஒரு கணம் எல்லாம் நிற்கிறது, கரையில் அம்மாவின் குரல் கேட்கிறது, ஐயோ, அவளுக்கு நீந்தத் தெரியாது, நீந்தத் தெரியாது, அம்மாவின் தொண்டையும் லேசுப்பட்டதல்ல, வதனிக்கு அது எங்கிருந்து வந்தது என்று நினைக்கிறீர்கள், டன்ஸ்டன் அதை ஏதோ ஊர் வெற்றி முழக்கம் என்று எடுத்துக்கொண்டு கைதட்டி, நீந்தத் தெரியாது, நீந்தத் தெரியாது, என்று கூடவே கத்துகிறார், பக்கத்தில் நின்ற ஏழெட்டுப் பேரும் சேர்ந்து கத்துகிறார்கள், இரண்டு வருடமாக அவள் மறைத்து வைத்த உண்மையை அரை ஆற்றங்கரை தாளம் தப்பாமல் கத்துகிறது. வதனி தலையைத் திருப்பினாள், அபெனாவின் முகம் தலைகீழாக, முதல்முறையாகத் தலைகீழாக, மிகப் பக்கத்தில், எனக்கு நீந்தத் தெரியாது, என்றாள், வந்துவிட்டது, மூன்று சொல்லும் வந்துவிட்டது. தெரியும், என்றாள் அபெனா. என்ன தெரியும். நீ ரயிலிலை மிதவைச் சட்டையோடை போன அண்டைக்கே தெரியும், நாலு பேருக்கும் தெரியும், நீயாச் சொல்லுவாய் எண்டு பாத்துக்கொண்டிருந்தம். வதனிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, சித்திரையிலை, என்று தொடங்கினாள். சித்திரையிலை நீ கயிறு இழுத்ததும் தெரியும், என்றாள் அபெனா, உன்ரை பெருவிரல் ரெண்டு வருசமா என்ரை மூக்குக்கு முன்னாலைதானே இருக்கு, அதை மட்டும் இவையளுக்குச் சொல்லேல்லை. அப்ப ஏன் என்னை எறியிறியள். அதுக்குத்தான் எறியிறம், என்றாள் அபெனா, சிரித்தாள், மார்சியா காலடியிலிருந்து, காத்து எண்டு சொன்னது பொய்யோ, என்று கேட்டுக்கொண்டே, மூண்டு, என்று கத்தினாள், ஒருத்தியும் கையை விடவில்லை, வதனி போனாள், கூடவே நாலு பேரும் போனார்கள், ஐந்து பேரும் ஒரே பொட்டலமாக ஆற்றுக்குள் விழுந்தார்கள்.

தண்ணி குளிர், காதுக்குள் தண்ணி, மூக்குக்குள் தண்ணி, கண்ணை மூடு பிள்ளை என்கிறது ஒரு குரல், மூடவில்லை, பச்சையாக ஒரு வெளிச்சம், குமிழிகள், பிறகு வானம், அதே வானம், முன்னர் பிடித்த அதே கைகள், இடது காலை மார்சியாவும் வலது காலைச் சிச்சியும் வலது கையை இஃபியும் இடது கையை அபெனாவும் கீழேயிருந்து தாங்குகிறார்கள், வயித்தை மேலை தூக்கு, கிடக்கிற மாதிரிக் கிட, என்கிறாள் அபெனா, வதனி கிடக்கிறாள், ஆறு அவளைக் கீழே இழுக்காமல் கொஞ்சம் ஆட்டுகிறது. கரையில் அம்மா டன்ஸ்டனின் சட்டைக் கையைப் பிடித்து உலுக்கி, ஆற்றைக் காட்டி, மூக்கைப் பொத்திக் கண்ணைச் சொருகி நாக்கை வெளியே தள்ளி நடித்துக் காட்டுவது தெரிகிறது, டன்ஸ்டன் கைதட்டுவதை நிறுத்துகிறார், அட்டையைப் புரட்டிப் பார்க்கிறார், தான் போட்ட சரி அடையாளத்தைப் பார்க்கிறார், முகம் வெளிறுகிறது, நான் வாறன், பயப்படாதையுங்கோ, என்று கத்தியபடி மேடைக்கு ஓடி வருகிறார், ஓடி வந்தவர் நிற்கவில்லை, அட்டையோடு ஆற்றுக்குள் போய் விழுந்தார், விழுந்த பிறகுதான் ஒரு விசயம் எல்லோருக்கும் விளங்கியது, நாற்பது வருடமாக மற்றவர்களின் நீச்சலைச் சோதித்த மனுசனை ஒருவரும் சோதிக்கவில்லை, படிவம் அவர் கையில்தானே இருந்தது. மார்சியா ஒரு பெருமூச்சு விட்டாள், முதல் பேனா, இப்ப நீங்களோ, என்று சொல்லி நாலு வீச்சில் அவரிடம் போய், கொலரைப் பிடித்து, மல்லாக்கத் திருப்பி, சும்மா கிடவுங்கோ, உதறாதையுங்கோ, என்று மேடைக்கு இழுத்து வந்தாள், பின்னாலேயே ஓடி வந்த அம்மா ஒரு கையைக் கொடுத்துத் தூக்கினாள், வாய்க்குள் ஏதோ தேவாரம் சொல்லியபடி பச்சைக் கோட்டை எடுத்து அவருக்குப் போர்த்தி விட்டாள், நடுங்கிக்கொண்டே டன்ஸ்டன் கோட்டின் கையைத் தடவிப் பார்க்கிறார், பொத்தானைப் போடுகிறார், இது எனக்கு அளவாத் தைச்சமாதிரி இருக்கே, என்கிறார், ஓம், உங்களுக்குத்தான், வைச்சிருங்கோ, என்கிறாள் மார்சியா. வதனிக்குச் சிரிப்பு வந்தது, சிரித்தால் வயிறு தாழும் என்று சிச்சி அதட்டினாள், அப்போதுதான் வதனி கவனித்தாள், இடது காலை ஒருவரும் பிடிக்கவில்லை, மார்சியா அங்கே மேடையில் கூந்தலைப் பிழிந்துகொண்டு நிற்கிறாள், கால் இங்கே, நகப்பூச்சு பாதி உரிந்த ஐந்து விரல்களும் தண்ணிக்கு மேலே தெரிய, ஒருத்தர் தயவும் இல்லாமல் தன்பாட்டில் மிதந்துகொண்டிருக்கிறது. அபெனாவும் பார்த்தாள், மற்றதையும் விடட்டோ, என்றாள். பொறு, பொறு, என்றாள் வதனி, வானத்தைப் பார்த்தாள், பெருவிரல்களை உள்ளங்கையிலிருந்து மெதுவாக விரித்தாள், நான் எண்ணுறன், நான் சொன்னாப் பிறகு விடுங்கோ, என்றாள், ஆஸ்பத்திரி யன்னலில் கூப்பிடுகிற அதே குரலில், கரை முழுக்கக் கேட்க, ஒண்டு, என்று தொடங்கினாள்.